பெருந்தொற்றுக் காலத்தில் விருந்தோம்பல், சுற்றுலா மாணவர்களின் தொழிற்பயிற்சி

கோவிட்-19 பெருந்தொற்று பரவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளில், இந்தியாவில் ஓட்டல் மேலாண்மையும் சுற்றுலாவும் பயின்ற மாணவர்களின் தொழிற்பயிற்சி பெரும் இடையூறுக்கு உள்ளானது. நட்சத்திர ஓட்டலிலோ பயண முகவர் அலுவலகத்திலோ சில மாதங்கள் வேலை செய்து கற்பது இப்படிப்புகளின் முக்கியப் பகுதியாகும். பயிற்சி நடக்கவேண்டிய இடங்களே மூடப்பட்டதால், பட்டம் பெறுவது, தொழிலைக் கற்பது ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில் கேள்விக்குள்ளாயின. இந்நிலையில் அரசும் ஒழுங்குமுறை அமைப்புகளும் கல்வி நிலையங்களும் பல மாற்று ஏற்பாடுகளைச் செய்தன. அவை மாணவரின் கல்வியாண்டைப் பெரும்பாலும் காப்பாற்றின. ஆனால் பயிற்சிக்குச் செல்லும் மாணவரின் உடல்நலம், உதவித்தொகை, பொறுப்பு ஆகியவற்றை யார் காப்பது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

தொழிற்பயிற்சியின் தோற்றம்

இந்தியாவில் ஓட்டல் கல்வி உணவுப் பிரச்சினையிலிருந்து தோன்றியது. லீலாவதி முன்ஷி தலைமையில் இயங்கிய அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் கழகம் 1954 இல் மும்பையில் இத்துறைக்கான முதல் கல்வி நிலையத்தைத் தொடங்கியது. 1960களில் டெல்லி, சென்னை, கொல்கத்தா ஆகிய நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் ஏற்பட்டன. இவற்றின் பெயரில் 'ஓட்டல் மேலாண்மை', 'உணவு வழங்கல் தொழில்நுட்பம்' என்பவற்றோடு 'பயன்பாட்டு ஊட்டச்சத்து' என்ற சொல்லும் சேர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். தொடக்கத்தில் இவை மத்திய அரசின் உணவு, வேளாண்மைத் துறையின் பொறுப்பில் இருந்தன. 1982 இல் சுற்றுலாத் துறையின் பொறுப்புக்கு வந்தன. அதே ஆண்டில் ஓட்டல் மேலாண்மை மற்றும் உணவு வழங்கல் தொழில்நுட்பத்துக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டது. நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட இக்குழு பாடத்திட்டம், தேர்வு, சேர்க்கை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறது.

தமிழ்நாட்டில் சென்னை தரமணியில் மத்திய அரசின் நிலையமும், திருச்சிராப்பள்ளி துவாக்குடியில் மாநில அரசின் நிலையமும் இயங்குகின்றன. இவை தவிர, பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளும் தனியார் நிறுவனங்களும் இத்துறைப் படிப்புகளை நடத்துகின்றன. பேச்சுவழக்கில் இது 'கேட்டரிங் படிப்பு' எனப்படுகிறது. விரைவில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நடுத்தர, எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இதில் சேர்கின்றனர்.

பயிற்சி நடைபெறும் முறை

தேசியக் குழுவின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் தொழிற்பயிற்சி இரண்டாம் ஆண்டில் வருகிறது. வகுப்பில் ஒரு பகுதியினர் மூன்றாம் பருவத்திலும், மற்றவர்கள் நான்காம் பருவத்திலும் ஓட்டலுக்கு அனுப்பப்படுகின்றனர். இதனால் ஓட்டல்களுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி மாணவர் கிடைப்பர். கல்லூரியின் சமையற்கூடத்திலும் நெரிசல் இராது.

ஓட்டலில் மாணவர் நான்கு பிரிவுகளில் மாறி மாறி வேலை செய்கிறார். முதலாவது, சமையற்கூடம். இரண்டாவது, உணவு பரிமாறும் பிரிவு. மூன்றாவது, விருந்தினரை வரவேற்று அறை ஒதுக்கும் ஃப்ரன்ட் ஆபீஸ். நான்காவது, அறைகளைத் தூய்மையாக வைத்திருக்கும் ஹவுஸ்கீப்பிங். ஒவ்வொரு நாளும் செய்த வேலையை அவர் பதிவேட்டில் எழுதவேண்டும். பிரிவின் மேலாளர் மதிப்பீட்டுப் படிவத்தில் கையொப்பமிடுவார். முடிவில் மாணவர் அறிக்கை எழுதி, கல்லூரியில் வாய்மொழித் தேர்வை எதிர்கொள்வார். பல ஓட்டல்கள் சிறிய உதவித்தொகையும், பணிநேரத்தில் உணவும் சீருடையும் தருகின்றன.

இப்பயிற்சியின் பயன் வேலையைக் கற்பதோடு நின்றுவிடுவதில்லை. ஓட்டல்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, தம்மிடம் பயிற்சி பெற்றவர்களை நன்கு அறிந்திருக்கின்றன. மாணவரும் தமக்குப் பொருந்தும் பிரிவு எது என்பதை இங்கேதான் தெரிந்துகொள்கிறார். ஆகவே ஒரு பருவப் பயிற்சி தவறுவது ஒரு பாடம் தவறுவதைவிடப் பெரிய இழப்பாகும்.

முந்தைய எச்சரிக்கை: 2003 சார்ஸ்

ஓட்டலுக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 2020 இல் முதன்முறையாக அறியப்பட்டதன்று. 2003 பிப்ரவரி 21 அன்று சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து வந்த ஒரு மருத்துவர் ஹாங்காங்கின் மெட்ரோபோல் ஓட்டலில் ஒன்பதாம் தளத்தில் தங்கினார். அவரிடமிருந்து பிற விருந்தினருக்குப் பரவிய சார்ஸ் நோய் அவர்கள் வழியாகச் சிங்கப்பூர், டொராண்டோ, ஹனோய் ஆகிய நகரங்களைச் சென்றடைந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் சிங்கப்பூர் அரசு 23 கோடி சிங்கப்பூர் வெள்ளி மதிப்புள்ள நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. விருந்தினர் இல்லாமல் வேலை குறைந்த நாட்களில் சுற்றுலாத் துறை ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்க உதவுவதும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. ஓட்டல் வெறுமையாக இருக்கும் காலத்தைக் கற்கும் காலமாக மாற்றலாம் என்பது அதன் அடிப்படை. பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு இக்கருத்து மீண்டும் தேவைப்பட்டது.

2020 மார்ச்: கதவுகள் மூடப்படுதல்

இந்தியாவில் முதல் கோவிட்-19 தொற்று 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் உறுதியானது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதனைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டது. மார்ச் 13 முதல் பெரும்பாலான வெளிநாட்டவரின் விசாக்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அன்றே உள்நாட்டு விமானப் போக்குவரத்தும் நின்றது.

சுற்றுலாத் துறை பெரும் வீழ்ச்சி கண்டது. 2019 இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 1.09 கோடி பேர். 2020 இல் வந்தவர்கள் சுமார் 27.4 லட்சம் பேர் மட்டுமே. அவர்களிலும் பெரும்பாலோர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வந்தவர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்துக்காகத் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு, 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் மட்டும் இத்துறையில் 1.45 கோடி வேலைகள் இழக்கப்பட்டதாக மதிப்பிட்டது.

ஊரடங்கு தொடங்கியபோது நான்காம் பருவ மாணவர்கள் பயிற்சியின் நடுவில் இருந்தனர். அவர்களுள் பலர் சொந்த ஊரிலிருந்து தொலைவில் உள்ள பெருநகரங்களில், ஓட்டலின் ஊழியர் விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கியிருந்தவர்கள். ஓட்டல் மூடியதும் பயிற்சி நின்றது. பேருந்தும் ரயிலும் இல்லாததால் ஊர் திரும்பவும் வழியில்லை. அடுத்த பருவத்தில் செல்லவேண்டியவர்களுக்கோ செல்வதற்கு இடமே இல்லை.

மாணவரும் அல்லர், ஊழியரும் அல்லர்

பெருந்தொற்று வெளிப்படுத்திய முதன்மையான குறை, பயிற்சி மாணவரின் சட்ட நிலை பற்றியது. இந்தியாவின் தொழில் பழகுநர் சட்டம் 1961 இல் இயற்றப்பட்டது. அதன்படி பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். விதிப்படி உதவித்தொகை தரவேண்டும். பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் நிறுவனம் இழப்பீடு தரவேண்டும். அதே சட்டம், பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்றும் கூறுகிறது.

பாடத்திட்டத்தின் பகுதியாக ஓட்டலுக்குச் செல்லும் மாணவர், இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படாவிடில், இப்பாதுகாப்பும் அவருக்கு இல்லை. கல்லூரி தரும் அறிமுகக் கடிதமும் ஓட்டல் தரும் ஏற்புக் கடிதமுமே அவர் கையில் இருக்கும் ஆவணங்கள். இயல்பான காலத்தில் இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. 2020 இல் ஓட்டல்கள் செலவைக் குறைக்க முற்பட்டபோது, பயிற்சி மாணவருக்கான உதவித்தொகை ஓட்டலின் விருப்பத்தைச் சார்ந்ததாயிற்று. நோய் வந்தால் மருத்துவச் செலவை ஏற்பது கல்லூரியா, ஓட்டலா, பெற்றோரா என்ற கேள்விக்கும் அக்கடிதங்களில் விடை இல்லை.

அரசின் நிவாரணத் திட்டங்களிலும் இவ்வகையினர் இடம்பெறவில்லை. 2021 ஜூன் 28 அன்று மத்திய அரசு அறிவித்த கடன் உத்தரவாதத் திட்டம், சுற்றுலா நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், பதிவு பெற்ற வழிகாட்டிகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலும் கடன் பெற வழிசெய்தது. பயிற்சி மாணவர் என்ற பிரிவு அதில் இல்லை.

ஒழுங்குமுறை அமைப்புகளின் ஏற்பாடுகள்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2020 ஏப்ரலில் கல்லூரிகளுக்கு அறிவுரை வழங்கியது. கோடைகாலப் பயிற்சியை மாணவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். இயலாதபோது ஆண்டின் இறுதியில் செய்யலாம் என்பது அதன் சாரம். பல்கலைக்கழக மானியக் குழு ஏப்ரல் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆய்வகப் பணிக்கும் களப்பணிக்கும் மாற்றாக, ஏற்கெனவே உள்ள தரவுகளையோ கணினி மென்பொருளையோ கொண்டு செய்யும் திட்டப்பணிகளை ஏற்கலாம் என்று கூறியது.

இவ்விரு அறிவுரைகளும் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானவை. மென்பொருள் பயிலும் மாணவர் வீட்டிலிருந்து பயிற்சி செய்வது இயலும். விருந்தினரே இல்லாத வீட்டில் விருந்தோம்பல் பயிற்சி செய்வது எளிதன்று. எனவே விருந்தோம்பல் துறைக் கல்லூரிகள் இப்பொது விதியைத் தம் பாடத்துக்கு ஏற்பத் தாமே விரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மத்திய சுற்றுலா அமைச்சகம் 2020 ஏப்ரல் 14 முதல் 'தேகோ அப்னா தேஷ்' என்ற இணையவழிச் சொற்பொழிவு வரிசையை நடத்தியது. 'நமது நாட்டைப் பார்' என்பது இதன் பொருள். இந்திய நகரங்கள், கோயில்கள், காடுகள், உணவு வகைகள் ஆகியன பற்றி வல்லுநர்கள் பேசினர். சுற்றுலா மாணவருக்கு, குறிப்பாக வழிகாட்டியாக விரும்புபவருக்கு, இது கட்டணமில்லாத கூடுதல் பாடமாக அமைந்தது.

மாற்று வழிகளும் அவற்றின் எல்லையும்

பயிற்சிக்கு மாற்றாகக் கல்லூரிகள் கையாளக்கூடிய வழிகளை மூன்றாகப் பிரிக்கலாம்: பயிற்சியைத் தள்ளிவைத்தல், பயிற்சிக் காலத்தைக் குறைத்தல், பயிற்சிக்குப் பதிலாக வேறு பணி தருதல். தள்ளிவைத்தால் பட்டம் தாமதமாகும். குறைத்தால் நான்கு பிரிவுகளிலும் வேலை செய்ய நாட்கள் போதா. பதிலாக வேறு பணி தருவதன் பயன் பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டது.

ஃப்ரன்ட் ஆபீஸ் வேலையின் ஒரு பகுதியை இணையவழியில் கற்பிக்க முடியும். முன்பதிவு, அறை ஒதுக்கீடு, கணக்கு முடித்தல் ஆகியவை கணினி மென்பொருளில் நடப்பவை. உணவுப் பட்டியல் தயாரித்தல், ஒரு தட்டு உணவின் அடக்கவிலையைக் கணக்கிடுதல், பயணத் திட்டம் வகுத்தல் ஆகியவற்றையும் வீட்டுப்பணியாகத் தரலாம். காய்களைச் சீராக நறுக்குதல், அடிப்படைக் குழம்பு வகைகளைச் செய்தல் போன்றவற்றை மாணவர் வீட்டுச் சமையலறையில் செய்து காணொளியாக அனுப்பலாம்.

ஆயினும் வீட்டு அடுப்பில் நால்வருக்குச் சமைப்பது வேறு. ஓட்டலில் முந்நூறு பேருக்கான காலை உணவுக்கு விடியுமுன் அனைத்தையும் நறுக்கி, அளந்து, ஆயத்தமாக வைப்பது வேறு. ஹவுஸ்கீப்பிங் பிரிவில் ஒரு ஷிஃப்ட் நேரத்துக்குள் பல அறைகளைத் தூய்மை செய்து முடிக்கவேண்டும். அந்த வேகம் காணொளியைப் பார்த்து வருவதில்லை. கோபத்தோடு வரும் விருந்தினரிடம் பொறுமையாகப் பேசிச் சிக்கலைத் தீர்ப்பதையும் மெய்யான விருந்தினர் இல்லாமல் கற்க இயலாது.

இணைய வசதியும் ஒரு தடையாக இருந்தது. ஒரே கைப்பேசியை அண்ணன் தம்பி, அக்காள் தங்கை பகிர்ந்துகொண்ட குடும்பங்களில், காணொளி எடுத்து அனுப்புவதே சுமையாயிற்று. வீட்டு வருமானம் நின்றுபோன நிலையில், பயிற்சி சமையலுக்கென்று பொருள் வாங்குவதும் எல்லோராலும் இயன்றதன்று.

மீண்டும் திறந்த ஓட்டல்கள்

ஊரடங்கின்போது எல்லா ஓட்டல்களும் முற்றிலும் மூடியிருக்கவில்லை. 2020 ஏப்ரலில் சில ஓட்டல் குழுமங்கள் மருத்துவர், செவிலியருக்கு அறைகளைத் திறந்துவிட்டன. மே 7 முதல் 'வந்தே பாரத்' திட்டத்தின்கீழ் வெளிநாடுகளிலிருந்து திரும்பிய இந்தியர்கள் கட்டணம் செலுத்தித் தங்கும் தனிமைப்படுத்தல் இடங்களாகவும் பல ஓட்டல்கள் மாறின.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 4 அன்று ஓட்டல்களுக்கான நடைமுறை விதிகளை வெளியிட்டது. ஜூன் 8 முதல், கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கு வெளியே ஓட்டல்கள் திறக்க அனுமதி கிடைத்தது. நுழைவாயிலில் வெப்பநிலைப் பரிசோதனை, கைகளால் தொடாத பதிவு முறை, கியூஆர் குறியீடு, உணவகத்தில் பாதி இருக்கைகள், குளிர்சாதனம் 24 முதல் 30 டிகிரிக்குள் ஆகியவை அவ்விதிகளுள் அடங்கும். மாநிலங்கள் தத்தம் நிலைமைக்கேற்ப முடிவெடுத்தன. தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 முதல் தங்கும் ஓட்டல்கள் இயங்க அனுமதிக்கப்பட்டன.

இக்காலத்தில் பயிற்சிக்குச் சென்ற மாணவர் பாடநூலில் இல்லாத பலவற்றைக் கற்க நேர்ந்தது. விருந்தினர் சென்றபின் அறையைக் கிருமிநீக்கம் செய்யும் வரிசை, தனிமைப்படுத்தப்பட்டவருக்கு உணவை வாசலில் வைத்துச் செல்லும் முறை, அவருடைய துணிகளையும் குப்பையையும் தனியே கையாளுதல், உணவைப் பொட்டலமிட்டு வீடுகளுக்கு அனுப்புதல் ஆகியவை அவற்றுள் சில. நெடுநாள் மூடிக்கிடந்த கட்டடத்தின் குழாய்களில் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் நோய்க் கிருமி வளரக்கூடும். திறப்பதற்கு முன் குழாய்களைத் திறந்துவிட்டு நீரை வெளியேற்றவேண்டும் என்பதும் அப்போது பலருக்கும் தெரியவந்த பாடமாகும்.

கற்றலோடு அபாயமும் சேர்ந்தே வந்தது. 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னையின் இரண்டு ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் நூறுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அதையடுத்து நகரின் நட்சத்திர ஓட்டல் ஊழியர்களை மாநகராட்சி பரிசோதிக்கத் தொடங்கியது. ஊழியர்கள் ஒரே உணவுக்கூடத்தில் உண்பதும் ஒரே விடுதியில் தங்குவதும் தொற்று பரவ எளிதான சூழலாகும். பயிற்சி மாணவரும் அதே உணவுக்கூடத்தில் உண்டு, அதே விடுதியில் தங்குபவரே.

தடுப்பூசியிலும் இதே இடைவெளி தெரிந்தது. 2021 ஜனவரி 16 அன்று மருத்துவத் துறையினருக்கும், பிப்ரவரி தொடக்கத்தில் காவலர், நகராட்சிப் பணியாளர் போன்ற முன்களப் பணியாளருக்கும் தடுப்பூசி போடப்பட்டது. மார்ச் 1 அன்று முதியோருக்கும், 45 வயதைக் கடந்த இணைநோய் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1 அன்று 45 வயதைக் கடந்த அனைவருக்கும் வாய்ப்பு வந்தது. 18 வயதைக் கடந்தவர்கள் மே 1 முதல்தான் தகுதி பெற்றனர். தனிமைப்படுத்தல் ஓட்டலில் பணியாற்றிய பத்தொன்பது வயது மாணவர், நோய்த்தொற்றுக்கு அருகில் இருந்தும் தடுப்பூசி வரிசையில் கடைசியில் நின்றார்.

வெளிநாட்டுப் பயிற்சி

படிப்பு முடியும் தறுவாயிலும் முடித்த பிறகும் அமெரிக்காவின் 'ஜே-1' விசாவில் ஓட்டல் பயிற்சிக்குச் செல்வது இந்திய மாணவரிடையே பரவலான வழக்கம். அங்கு கிடைக்கும் உதவித்தொகையைக் கொண்டு கல்விக்கடனை அடைத்துவிடலாம் என்பது பல குடும்பங்களின் கணக்கு. 2020 ஜூன் 22 அன்று வெளியான அமெரிக்க அதிபரின் அறிவிப்பு, இவ்விசாவில் பயிற்சியாளர் பிரிவில் புதிதாக வருவதை அவ்வாண்டு இறுதிவரை நிறுத்தியது. பின்னர் அத்தடை 2021 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. முகவர் கட்டணம் செலுத்திக் காத்திருந்தவர்களுக்கு இது பெரும் இடராக முடிந்தது.

சிங்கப்பூர் இக்காலத்தில் வேறொரு வழியைக் கையாண்டது. 2020 இல் அது தொடங்கிய 'எஸ்ஜி யுனைட்டெட்' பயிற்சித் திட்டம், புதிதாகப் படித்து முடித்தவர்களை நிறுவனங்களில் பயிற்சிக்கு அமர்த்தியது. அவர்களின் உதவித்தொகையில் 80 விழுக்காட்டை அரசு ஏற்றது. மீதத்தை நிறுவனம் தந்தது. நிறுவனத்தின் சுமை குறைந்ததால், வருவாய் இல்லாத காலத்திலும் இளையோருக்கு இடம் தர அவற்றால் இயன்றது. இது எல்லாத் துறைகளுக்குமான திட்டம் என்றாலும், உதவித்தொகையை ஓட்டலின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் அரசு பங்கேற்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாகும்.

இரண்டாம் அலைக்குப் பின்

தமிழ்நாட்டில் இறுதியாண்டு இளநிலை மாணவர்களுக்கு 2020 டிசம்பர் 7 அன்று கல்லூரிகள் திறக்கப்பட்டன. இரண்டாம் அலை காரணமாக 2021 மே 10 முதல் மாநிலத்தில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. செப்டம்பர் 1 அன்று கல்லூரிகள் மறுபடியும் திறந்தன. நவம்பர் 15 முதல் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் தனி வாடகை விமானங்கள் அல்லாத பிற விமானங்களிலும் இந்தியா வர அனுமதி கிடைத்தது. 2022 மார்ச் 27 அன்று வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து தொடங்கியது.

ஓட்டல்கள் மீண்டும் நிரம்பியபோது நிலைமை தலைகீழானது. வேலை இழந்த அனுபவமுள்ள ஊழியர்கள் பலர் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டதால், பயிற்சி பெற்ற கைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இரண்டாண்டுக் காலம் குறைவான பயிற்சியோடு பட்டம் பெற்றவர்களே அந்த இடங்களை நிரப்பவேண்டியிருந்தது. தள்ளிப்போடப்பட்ட பயிற்சியின் செலவை இறுதியில் ஓட்டல்களும் ஏற்கவேண்டி வந்தது.

மதிப்பீடு

பெருந்தொற்றுக் கால ஏற்பாடுகளின் முதல் பயன், எந்த மாணவரும் தம் தவறு இல்லாமல் பட்டத்தை இழக்கக்கூடாது என்ற கொள்கை நிலைபெற்றதாகும். இரண்டாவது பயன், பயிற்சியில் எதை இணையவழியில் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்க இயலாது என்ற தெளிவு ஏற்பட்டதாகும். ஓட்டலுக்குச் செல்லும் முன்பே மென்பொருள், அடக்கவிலைக் கணக்கு, உணவுப் பாதுகாப்பு விதிகள் ஆகியவற்றைக் கற்றுச் சென்றால், ஓட்டலில் கழியும் நாட்களை முழுவதும் கைவேலைக்கும் விருந்தினர் சேவைக்கும் செலவிடலாம்.

எஞ்சி நிற்பது பாதுகாப்பு. கல்லூரி, ஓட்டல், மாணவர் ஆகிய மூவரும் கையொப்பமிடும் ஒப்பந்தம். அதில் குறைந்தபட்ச உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, பயிற்சி திடீரென நின்றால் ஊர் திரும்பும் செலவை ஏற்பவர், ஆபத்தான பணியை மறுக்கும் உரிமை, கல்லூரியில் தொடர்புகொள்ளவேண்டிய ஆசிரியரின் பெயர் ஆகியவை இடம்பெறுவது அடிப்படைத் தேவையாகும். இவற்றுள் சிலவற்றுக்கு முன்மாதிரி 1961 ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்திலேயே உள்ளது.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 தொடர்பான பன்னாட்டு அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. வெள்ளம், புயல், நோய் என அடுத்த இடர் எவ்வடிவில் வந்தாலும் முதலில் வெறுமையாவது ஓட்டல் அறைகளே. அங்கே பயிற்சியில் இருக்கும் மாணவர் யாருடைய பொறுப்பு என்பதை அவ்விடர் வருவதற்கு முன்பே எழுதி வைக்கவேண்டும் என்பதே 2020 ஆம் ஆண்டு இத்துறைக்கு விட்டுச்சென்ற பாடம்.